கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை

(இயற்பியல் மூன்றாம் ஆண்டு மாணவன் ஒருவன்)

‘இன்றைய உலகம் அறிவியல் உலகம்’ என்று தொடங்குவது நம் ஆண்டு மலரின் வழக்கம். நான் ஒரு பிழையை ஒப்புக்கொண்டு தொடங்குகிறேன்.

சென்ற ஆண்டு நம் கல்லூரி அறிவியல் கண்காட்சியில், இயற்பியல் துறை மேசைமீது ஒரு வானொலி நிறமாலைத் திரை ஓடிக்கொண்டிருந்ததை நண்பர்கள் பலர் மறந்திருக்க மாட்டீர்கள். கருநீலப் பின்னணியில் மஞ்சள் மலைகளாய் அலைகள் எழுந்து எழுந்து அடங்கின. அதன் கீழே வண்ண அருவி ஒன்று இறங்கிக்கொண்டே இருந்தது. வணிகவியல் துறை நண்பர்கள்கூட நின்று பார்த்தார்கள்; அதைவிடப் பெரிய வெற்றி ஏது? முதல் பரிசும் அதற்கே கிடைத்தது. மேசைமீது நின்ற அட்டையில் என் கையெழுத்தில் இப்படி எழுதியிருந்தேன்: ‘பிரிதிறன் 36 ஹெர்ட்ஸ். ஒரு படத்துக்கு ஆகும் நேரம் 1.7 மில்லிநொடி.’

அந்த வாசகம் பொய். தெரிந்தே எழுதிய பொய் அன்று. ஆனாலும் பொய் பொய்தான். பரிசைத் திருப்பித் தருகிறேன் என்று எங்கள் பேராசிரியரிடம் போய் நின்றபோது, அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, “கோப்பையை வைத்துக்கொண்டு நாங்கள் என்னப்பா செய்வது? அட்டையை எத்தனை பேர் படித்தார்களோ அத்தனை பேரும் திருத்தத்தையும் படிக்கட்டும். மலருக்கு எழுதிக் கொடு” என்றார். ஆகவே இது கட்டுரை மட்டுமல்ல, திருத்தமும்கூட. திருத்தத்தோடு என் கருத்து ஒன்றையும் சொல்லாமல் விடப்போவதில்லை.

முதலில் கருவி. மென்பொருள்வழி வானொலி என்ற பெயரைக் கேட்டு அஞ்ச வேண்டாம். பழைய வானொலிப் பெட்டியில் நிலையத்தைப் பிரித்தெடுப்பது, ஒலியை மீட்பது, வடிகட்டுவது எல்லாம் சுருளும் மின்தேக்கியும் செய்த வேலைகள். இதில் அந்த வேலைகளைக் கணிப்பொறியின் கணக்கு செய்கிறது. வானலை ஆன்டெனாவில் விழுகிறது. ஒரு சிறு கருவி அதைக் கீழ் அதிர்வெண்ணுக்கு இறக்கி, நொடிக்குப் பல இலட்சம் முறை அளந்து, அளந்த எண்களை அப்படியே கணிப்பொறிக்குள் கொட்டுகிறது. அதன்பின் எல்லாம் எண் விளையாட்டு. ‘மென்பொருள் வானொலி’ என்ற பெயரை 1990களின் தொடக்கத்தில் அமெரிக்கப் பொறியாளர் ஜோசப் மிட்டோலா பரப்பினார். ஆனால் நம்மைப் போன்ற கல்லூரிகளுக்கு அது எட்டிய கதை வேறு. கணிப்பொறியில் தொலைக்காட்சி பார்ப்பதற்காக விற்கப்பட்ட ஒரு விரல் நீளச் செருகியில் ரியல்டெக் நிறுவனத்தின் சில்லு ஒன்று இருந்தது. அது அளந்த எண்களைப் பதப்படுத்தாமலே வெளியே தரவல்லது என்பது 2012-ல் தெரியவந்தது. பின்லாந்து நிரலாளர் ஆண்டி பலோசாரியின் பெயர் அந்தக் கதையில் முதலில் வருகிறது. அன்று முதல் சில ஆயிரம் ரூபாயில் எவரும் ஒரு நிறமாலை ஆய்வுக் கருவிக்குச் சொந்தக்காரர் ஆகலாம். எங்கள் துறையில் இருப்பதும் அத்தகையதே. அது நொடிக்கு 24 இலட்சம் மாதிரிகளைத் தருகிறது. ஆகவே ஒரே நேரத்தில் 2.4 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள வானலைப் பரப்பைப் பார்க்கலாம். ஒவ்வொரு மாதிரியும் எட்டே பிட்டு. ஏழைக் கருவிதான். ஏழை என்பதால் அதை இகழ வேண்டாம், பிழை அதனுடையதன்று.

இந்த எண் வரிசையை நிறமாலையாக்குவது ஃபூரியர் மாற்றம். வெப்பம் பரவுவதை ஆராய்ந்த ஃபூரியர் 1822-ல் நூலாக வெளியிட்ட கருத்து, துணைக் கணிதத் தாளில் நமக்குப் பாடமாக வருகிறது. தேர்வுக்கு முந்திய இரவு மனப்பாடம் செய்து, தேர்வு முடிந்த மாலை மறந்துவிடுகிறோம். அதை நேரடியாகக் கணக்கிட்டால் 65,536 மாதிரிகளுக்கு ஏறத்தாழ 429 கோடிப் பெருக்கல்கள் வேண்டும். குலியும் டியூக்கியும் 1965-ல் வெளியிட்ட விரைவு முறையில் அதே விடைக்கு ஏறத்தாழ ஐந்தேகால் இலட்சம் பெருக்கல்கள் போதும். (சிறுகோள்களின் பாதையைக் கணக்கிட 1805 வாக்கிலேயே காஸ் இந்தக் குறுக்குவழியைக் கண்டு எழுதி வைத்திருந்தார். அவர் மறைந்தபின் 1866-ல்தான் அது அச்சேறியது. அப்போதும் யாரும் கவனிக்கவில்லை. கைக்குறிப்புகளை நேரத்தோடு அச்சுக்குக் கொடுக்காத பேராசிரியர்கள் எல்லாக் காலத்திலும் உண்டு போலும்!) ஐந்தேகால் இலட்சம் பெருக்கல் என்பது எங்கள் ஆய்வகத்தில் விசிறி இரைந்தபடி ஓடும் பழைய மடிக்கணினிக்குக்கூட ஒரு பொருட்டன்று. ஆகவே, கணிப்பொறி போதாது என்ற சாக்கு எடுபடாது.

இனி என் பிழைக்கு வருகிறேன்.

கண்காட்சிக்காக இரண்டு படிக அலையியற்றிகள் வாங்கினோம். இரண்டின் மூடியிலும் 27 மெகாஹெர்ட்ஸ் என்றே பொறித்திருந்தது. ஆனால் ஒரே எண் பொறித்த படிகங்கள் ஒரே அதிர்வெண்ணில் அதிர்வதில்லை; பத்து இலட்சத்தில் சில பங்கு முன்பின் இருக்கும். அந்த வேறுபாட்டைத் திரையில் காட்டுவதே நோக்கம். இரண்டையும் மேசையில் வைத்து இயக்கினேன். பைத்தான் மொழியில் நானே எழுதிய நிரல், 4,096 மாதிரிகளை எடுத்து மாற்றம் செய்தது. படம் கரடுமுரடாக, படிக்கட்டுப் போல இருந்தது. இப்படியா கண்காட்சிக்கு வைப்பது? அந்த மென்பொருள் நூலகத்தில் ஒரு வசதி உண்டு. 4,096 மாதிரிகளைக் கொடுத்துவிட்டு 65,536 புள்ளிகளுக்கு விடை கேட்டால், மீதி இடத்தைப் பூச்சியங்களால் நிரப்பிக்கொண்டு அது மறுபேச்சில்லாமல் விடை தரும். கேட்டேன், தந்தது. படிக்கட்டு போய் வழுவழுப்பான ஓர் அழகிய மலை வந்தது. 24 இலட்சத்தை 65,536-ஆல் வகுத்தால் 36.6. அட்டையில் 36 ஹெர்ட்ஸ் என்று எழுதினேன். திரையில் ஒரே ஒரு மலை. ஆகவே பதிவேட்டில், ‘இரு படிகங்களும் 36 ஹெர்ட்ஸ் அளவுக்குள் ஒன்றே’ என்று முடிவும் எழுதினேன். ஆசிரியர் கையெழுத்தும் விழுந்தது.

ஒன்று மட்டும் உறுத்தியது. அந்த மலையின் உச்சி நிலைகொள்ளாமல் நடுங்கிக்கொண்டே இருந்தது. ஒரு படத்தில் உயரும். அடுத்த படத்தில் சரியும். பார்ப்பதற்கு நன்றாக இல்லை என்று இருபது படங்களின் சராசரியைக் காட்டுமாறு நிரலை மாற்றினேன். நடுக்கம் ஓய்ந்தது. வாக்குமூலம் கொடுக்க வந்த சாட்சியை வாசலிலேயே மடக்கித் திருப்பி அனுப்பிவிட்டேன் என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.

என் மேசைத் தோழன் பாட்டுக்காரன். காதொலிப்பானை மாட்டிக்கொண்டு அதே அதிர்வெண்ணைக் கேட்டுக்கொண்டிருந்தவன் திடீரென்று சொன்னான்:

“டேய், சுருதிப்பெட்டி மாதிரி ஒரே சீரா ஒரு சத்தம் வருதுடா.”

“மின்சார இரைச்சலா இருக்கும்.”

“ஒரு படிகத்தைப் பிடுங்கினா நின்னுடுது. திரும்பச் செருகினா வருது. ரெண்டும் ஒண்ணுன்னா எப்படிடா வரும்?”

“திரையைப் பார்டா. ஒரே கோடுதானே இருக்கு?”

அவன் திரையைப் பார்த்தான், பேசாமல் இருந்துவிட்டான். பரிசும் வந்துவிட்டது. பிறகு யார் கேட்கப் போகிறார்கள்?

மேல்நிலை வகுப்பில் நாம் எல்லோரும் படித்ததுதான். நெருங்கிய அதிர்வெண்ணுள்ள இரு அலைகள் கூடினால் அவற்றின் வேறுபாட்டு அளவில் விம்மல் எழும். தோழன் கேட்ட சுருதி அந்த விம்மல்தான்: நொடிக்கு ஏறத்தாழ 240. திரையில் நான் கண்ட நடுக்கமும் அதே விம்மல். காது சொன்னது சரி, நடுங்கிய கோடு சொன்னது சரி. நான் அழகுபடுத்திய படம் சொன்னது தவறு. இது எனக்கு விளங்கியது கண்காட்சி முடிந்து நான்கு மாதம் கழித்து. அதுவும் வானொலி மேசையில் அல்ல, சோடிய விளக்கின் முன்னால்.

ஒளியியல் ஆய்வகத்தில் நிறமாலைமானியையும் கீற்றணியையும் வைத்துச் சோடியத்தின் மஞ்சள் கோடுகளைப் பார்ப்போம் அல்லவா? 589.0, 589.6 நானோமீட்டர் என்று இரண்டு கோடுகள். இவற்றை முதல் வரிசையில் பிரித்துக் காண ஏறத்தாழ ஆயிரம் கீற்றுகள்மேல் ஒளி விழ வேண்டும் என்பது சூத்திரம். சென்டிமீட்டருக்கு ஆறாயிரம் கீற்றுள்ள நம் கீற்றணியில் ஒரு மில்லிமீட்டர் அகலத்தை மட்டும் விட்டுவிட்டு மற்றதை அட்டையால் மறைத்தால், அறுநூறு கீற்றுகளே வேலை செய்யும். இரட்டைக் கோடு ஒற்றையாகிவிடும். அதன்பின் எவ்வளவு உயர்ந்த கண்ணருகு வில்லையை மாட்டினாலும் கோடு பருக்குமே அன்றிப் பிரியாது. அட்டையை விலக்கினால்தான் பிரியும்.

நான் செய்தது வில்லை மாட்டிய வேலை. பூச்சியங்களால் நிரப்புவது உருப்பெருக்கம், பிரிதிறன் அன்று. வானொலியில் கீற்றணியின் அகலத்துக்கு ஈடானது, எவ்வளவு நேரம் கேட்டோம் என்பது. ஒன்றுக்கொன்று 36 ஹெர்ட்ஸ் தள்ளியிருக்கும் இரு அலைகள் வேறு வேறு என்று தம்மைக் காட்டிக்கொள்ள ஏறத்தாழ முப்பத்தாறில் ஒரு பங்கு நொடி, அதாவது 27 மில்லிநொடி, ஆகும். அதற்குமுன் அவற்றுக்கிடையே ஒரு முழு விம்மல்கூட நிகழ்ந்திராது. நிகழாததை எந்தக் கணக்கு கண்டுபிடிக்கும்? 4,096 மாதிரிகள் என்றால் 1.7 மில்லிநொடிதான். அதற்குரிய பிரிதிறன் 586 ஹெர்ட்ஸ். என் படிகங்களின் வேறுபாடோ 240. ஒற்றை மலை வந்ததில் வியப்பென்ன?

டென்னிஸ் காபர் 1946-லேயே இந்தக் கட்டுப்பாட்டைச் சமிக்ஞைகளுக்கு முறையாக எழுதிக் காட்டிவிட்டார். (முப்பரிமாணப் படவியலுக்காக 1971-ல் நோபல் பரிசு பெற்ற அதே காபர்தான்.) காலத்தில் நுணுக்கம், அதிர்வெண்ணில் நுணுக்கம் என்ற இரண்டின் பெருக்கம் ஓர் எல்லைக்குக் கீழே இறங்காது. மூன்றாம் ஆண்டுக் குவாண்டம் தாளில் நாம் படிக்கும் நிச்சயமின்மை விதிக்கு அடியில் இருப்பதும் இதே கணிதம். ‘36 ஹெர்ட்ஸ், 1.7 மில்லிநொடி’ என்ற என் அட்டை வாசகத்தைத்தான் நம் ஊரில் கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை என்பார்கள்.

“அப்படியானால் பூச்சியம் நிரப்புவதே ஏமாற்றா?” என்று இதை வாசித்துப் பார்த்த விரிவுரையாளர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. இல்லை. தனித்து நிற்கும் ஒரே ஒரு கோட்டின் உச்சி எங்கே இருக்கிறது என்று நுணுக்கமாகப் படிக்க அது உதவும். நிறமாலைமானியின் வெர்னியர் அளவுகோலை எண்ணிப் பாருங்கள். கோடு பருமனாக இருந்தாலும் அதன் நடுவிடத்தை ஒரு கலை அளவுக்குப் படிக்கிறோம். ஆனால் வெர்னியரைக் காட்டிக் கோட்டைப் பிரித்துவிட்டேன் என்று சொல்ல முடியாது. இடங்காண்பது வேறு, பிரித்தறிவது வேறு. நான் முன்னதைச் செய்துவிட்டுப் பின்னதற்குப் பரிசு வாங்கினேன்.

சரி, அப்படியானால் எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே போவோம் என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. 10,48,576 மாதிரிகள் எடுத்தால் 2.3 ஹெர்ட்ஸ் வரை பிரிக்கலாம். அதற்கு ஏறத்தாழ 0.44 நொடி கேட்க வேண்டும். அசையாமல் நிற்கும் படிகத்துக்கு அது பொருந்தும். வானில் ஓடும் பொருளுக்கு? 400 கிலோமீட்டர் உயரத்தில் நொடிக்கு 7.7 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் ஒரு செயற்கைக்கோள் 145.8 மெகாஹெர்ட்ஸில் ஒரு தூய அலையை அனுப்புவதாகக் கொள்வோம். தலைக்கு நேர் மேலே அது கடக்கும் வேளையில் டாப்ளர் விளைவால் நமக்குக் கேட்கும் அதிர்வெண் நொடிக்கு ஏறத்தாழ 67 ஹெர்ட்ஸ் வீதம் இறங்கும். 0.44 நொடிக்குள் 29 ஹெர்ட்ஸ் நகர்ந்துவிடும். மெல்லிய கோடாக நிற்க வேண்டியது பன்னிரண்டு பதின்மூன்று கட்டங்களில் இழுகிப் பூசியது போல் ஆகி, வலுவிழந்து, இரைச்சலில் முழுகும். எண்ணிக்கையை நான்கில் ஒன்றாகக் குறைத்து 2,62,144 என்று வைத்துப் பாருங்கள். கட்டம் ஒன்றுக்கு 9 ஹெர்ட்ஸ். கேட்கும் நேரம் 0.11 நொடி, அதற்குள் நகர்வது 7 ஹெர்ட்ஸ். கோடு கூர்மையாக நிற்கும். அதிகப் பிரிதிறன் கேட்டவனுக்குக் குறைவாகவும், குறைத்துக் கேட்டவனுக்கு அதிகமாகவும் கிடைக்கும் விந்தை இது! இதைத் தாளில் கணக்குப் போட்டுப் பார்த்த அன்று எனக்கு இரவு உறக்கம் வரவில்லை. மிகையாகச் சொல்லவில்லை.

இதற்கு நேர்மாறான இன்னொன்று: 1420.4 மெகாஹெர்ட்ஸில் வரும் ஹைட்ரஜன் ஒலி. 1951-ல் ஹார்வர்டில் ஈவனும் பர்செல்லும் சன்னலுக்கு வெளியே ஒரு கூம்பு ஆன்டெனாவை நீட்டி முதன்முதலாகக் கேட்டது. பால்வீதியின் வாயு நொடிக்கு ஒரு கிலோமீட்டர் வேகம் வேறுபட்டாலே அங்கே அதிர்வெண் 4.7 கிலோஹெர்ட்ஸ் மாறிவிடும். அங்கே 586 ஹெர்ட்ஸ் பிரிதிறனே தேவைக்கு மேல். வேண்டியது பொறுமையான சராசரி, பல நிமிடங்களுக்கு. படிகத்தின் நடுக்கத்தை மறைத்த அதே சராசரி அங்கே உற்ற துணை. ஆக, எந்தப் பொத்தானும் தானாக நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. எதைக் கேட்கிறோம் என்று தெரியாமல் அழுத்தினால் எல்லாமே கெட்டதுதான்.

சன்னல் சார்பு பற்றியும் இரண்டு வார்த்தை. ஓடும் அலையில் ஒரு துண்டை வெட்டி எடுக்கிறோம். வெட்டிய முனைகள் கூர்மையாக இருப்பதால் வலுவான நிலையத்தின் ஒளி பக்கங்களில் சிந்துகிறது. முதல் பக்கமேடு 13 டெசிபெல்தான் தாழ்ந்திருக்கும். அருகிலுள்ள மெலிந்த நிலையம் அதற்குள் மறைந்துபோகும். ஆகவே துண்டின் இரு முனைகளையும் மெல்லத் தேய்த்துவிடுகிறோம். ஹான் என்பவரின் சன்னலில் அந்த மேடு 31 டெசிபெல் தாழும்; பிளாக்மன் - ஹாரிஸ் சன்னலில் 92. அதற்கு விலை, கோடு பருப்பது. இங்கும் இலவசம் ஒன்றுமில்லை.

திரையையும் மறக்கக் கூடாது. 65,536 விடைகளை 1,366 படப்புள்ளிகளே உள்ள மடிக்கணினித் திரையில் காட்ட வேண்டும். ஒரு புள்ளிக்கு 48 விடைகள். நாற்பத்தெட்டில் ஒன்றை மட்டும் எடுத்து மற்றதை எறிந்தால் மெல்லிய கோடு ஒன்று இருந்த சுவடே தெரியாமல் போகும். சராசரி எடுத்தால் அது நீர்த்துப் போகும். மிகப் பெரியதை எடுத்தால் கோடு பிழைக்கும். ஆனால் இரைச்சல் தரை உண்மையில் இருப்பதைவிட உயர்ந்து காட்டும். நிலையத்தைத் தேடுபவர் மிகப் பெரியதை எடுக்க வேண்டும், இரைச்சலை அளப்பவர் சராசரி எடுக்க வேண்டும் என்பது என் முடிவு. இதைவிட நல்ல வழி, வேண்டிய சிறு பகுதியை மட்டும் வடிகட்டி எடுத்து, மாதிரி வீதத்தை 64-ல் ஒன்றாகக் குறைத்து, நொடிக்கு 37,500 மாதிரிகளாக்கி, 1,024 புள்ளி மாற்றம் செய்வது. அதே 36.6 ஹெர்ட்ஸ் கிடைக்கும். திரைக்கும் அளவாக இருக்கும். கேட்கும் நேரம் மட்டும் அப்போதும் அதே 27 மில்லிநொடி. அந்தக் கணக்குப்பிள்ளையிடம் பேரம் செல்லாது.

நிகழ்நேரம் என்ற சொல்லையும் நாம் மலிவாக்கிவிட்டோம். திரை நொடிக்கு அறுபது முறை மாறினால் நிகழ்நேரம் என்று எண்ணுகிறோம். 4,096 மாதிரிக்கு ஒரு மாற்றம் என்றால் நொடிக்கு 586 நிறமாலைகள் பிறக்கின்றன. அறுபதைக் காட்டிவிட்டு மற்ற ஐந்நூற்றுச் சொச்சத்தைக் குப்பையில் போடும் நிரல் நிகழ்நேர நிரல் ஆகுமா? அந்தக் குப்பையில்தான் ஒரு கணம் மின்னி மறைந்த சமிக்ஞை கிடந்திருக்கும். எல்லாவற்றையும் கணக்கிட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் கண்ட உச்சத்தையாவது அடுத்த படத்தில் சேர்ப்பதே நேர்மை. நீண்ட துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்று பாதி முக்கால் படியவைத்துத் திரையை அடிக்கடி புதுப்பிப்பதும் உண்டு. கண்ணுக்கு இதமானது, துண்டுகளின் முனைகளில் விழுவதும் தப்பாது; தவறில்லை. ஆனால் அதில் வரும் ஒவ்வொரு படமும் முழுப் புதுச் செய்தி என்று எண்ணிவிடக் கூடாது.

இவ்வளவையும் எழுதக் காரணம் என் பரிசுக் கோப்பை மட்டுமன்று. இலட்சக்கணக்கில் விலையுள்ள நிறமாலை ஆய்வுக் கருவி வந்தால்தான் இதையெல்லாம் மாணவருக்குக் கற்பிக்க முடியும் என்ற பேச்சு நம் துறைகளில் கேட்கிறது. நான் மறுக்கிறேன். விலையுயர்ந்த கருவி இருந்திருந்தால் என் பிழை இன்னும் அழகாக இருந்திருக்கும், அவ்வளவுதான். தன் திரையில் பார்த்த நேரத்தையும் சன்னலையும் அது ஒரு மூலையில் எழுதிக் காட்டியிருக்கும் என்பது உண்மை. எழுதியிருப்பதை நான் படித்திருக்க மாட்டேன் என்பதும் உண்மை. நம் கண்காட்சிகளில் நடுவர்கள் கேட்கும் முதல் கேள்வி ‘என்ன செலவு?’, இரண்டாவது ‘நீயே செய்தாயா?’. ‘இது தவறாக இருந்தால் எப்படித் தெரிந்துகொள்வாய்?’ என்று என்னை ஒருவர் கேட்டிருந்தால், தோழனின் காதொலிப்பானை அவரிடம் நீட்டியிருப்பேனோ என்னவோ. கேட்கவில்லை. நடுவர்கள்மேல் குறை சொல்லவில்லை. எட்டு மணி நேரத்தில் நாற்பது மேசை பார்ப்பவர்கள் அவர்கள். ஆனால் ஒவ்வொரு மேசை அட்டையிலும் எத்தனை மாதிரி, எவ்வளவு நேரம், என்ன சன்னல், எத்தனை படத்தின் சராசரி என்ற நான்கு வரிகளை விதியாக்குவதற்குச் செலவு ஒன்றும் இல்லையே? பதிவேட்டிலும் ‘முடிவு’ என்ற பெட்டிக்கு மேல் அதற்கு ஒரு பெட்டி வரையலாம்.

ஃபூரியர் பாடத்தைத் துணைக் கணித வகுப்பில் கரும்பலகையோடு முடிக்காமல், அந்த வாரமே இரண்டு படிகங்களையும் ஒரு காதொலிப்பானையும் மேசைமீது வைக்கலாம் என்பது என் இரண்டாவது வேண்டுகோள். சூத்திரம் பிறகு தானே நிற்கும். இதைக் கணிதத் துறைப் பேராசிரியர்கள் அத்துமீறலாகக் கொள்ளமாட்டார்கள் என நம்புகிறேன்.

தோழனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். “அன்னிக்கே இன்னும் சத்தமாச் சொல்லியிருக்கலாம்டா. நீ திரையைக் காட்டினதும் என் காதுமேல எனக்கே சந்தேகம் வந்துடுச்சு” என்றான். எனக்கு அதுதான் வலித்தது.

பதிவேட்டின் 43-ஆம் பக்கத்தைச் சிவப்பு மையால் அடித்து, எதிர்ப்பக்கத்தில் புதிதாக எழுதியிருக்கிறேன்: ‘65,536 மாதிரிகள், 27 மில்லிநொடி, ஹான் சன்னல், சராசரி இல்லை, இரண்டு கோடுகள், வேறுபாடு ஏறத்தாழ 240 ஹெர்ட்ஸ், காதொலிப்பானில் கேட்ட சுருதியும் அதுவே.’ ஆசிரியர் மீண்டும் கையெழுத்திட்டிருக்கிறார், இம்முறை தேதியோடு. பின்னர் 0.44 நொடி கேட்டு அளந்து பார்த்ததில், காலையில் 240 இருக்கும் வேறுபாடு வெயில் ஏறிய பிற்பகலில் 230 வரை இறங்குகிறது. இரு படிகங்களில் எது நகர்கிறது, அல்லது இரண்டுமே நகர்கின்றனவா என்று இன்னும் பார்க்கவில்லை. எனக்கு இறுதித் தேர்வு வந்துவிட்டது. படிகங்கள் இரண்டும் இயற்பியல் ஆய்வகத்தில் மூன்றாம் மேசையின் இழுப்பறையில், ஒரு தீப்பெட்டிக்குள் இருக்கின்றன. காதொலிப்பானின் இடப்பக்கம் சில நேரம் வேலை செய்வதில்லை. கம்பியைச் சற்று மடக்கிப் பிடிக்க வேண்டும்.